தலைமையும் அறமும்: பணியாளரை நடத்தும் முறை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பணியாளரை நடத்துவதில் அறமும் நல்ல தலைமையும் என்பதாகும். இது முதலாளிகளுக்கும் மனிதவள அதிகாரிகளுக்கும் உரிய பொருளன்றோ, ஆசிரியரும் மாணவரும் நிறைந்த இவ்வவையில் இதற்கென்ன தேவை என்று சிலர் எண்ணக்கூடும். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுள் பெரும்பாலோர் இன்னும் பத்தாண்டுகளுக்குள் யாரேனும் ஒருவரின்கீழ்ப் பணிபுரியத் தொடங்குவார்கள். இருபதாண்டுகளுக்குள் அவர்களுள் பலர், தமக்குக்கீழ்ச் சிலரை வைத்துப் பணி நடத்துவார்கள். முதல் நிலைக்கு நாம் அவர்களை நன்றாக ஆயத்தப்படுத்துகிறோம். தேர்வுகளும் சான்றிதழ்களும் நேர்முகப் பயிற்சிகளும் அதற்காகவே. இரண்டாம் நிலைக்கான ஆயத்தமோ பெரும்பாலும் தற்செயலுக்கு விடப்படுகிறது. ஆகவே, இப்பொருளைப் பேசுவதற்குப் பள்ளியைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்று கருதுகிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

மொழி மன்றத்தின் அவையாதலால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு மேற்பார்வையாளரைப் பாராட்டும்போது, "அவர் நன்றாக வேலை வாங்குவார்" என்கிறோம். வாங்குதல் என்பதில் கொள்பவரின் நோக்கு மட்டுமே உண்டு. கொடுப்பவர் என்ன ஆனார் என்ற கேள்வி அச்சொல்லுக்குள் இல்லை. அதே மனிதரைப் பற்றி நம் மொழியில் வேறொரு சொல்லும் வழங்குகிறது. "அவர் நிறுவனத்தை நடத்துகிறார்" என்கிறோம். "எங்களை நன்றாக நடத்துகிறார்" என்றும் சொல்கிறோம். நிறுவனத்தை இயக்குவதற்கும் மனிதரிடம் பழகுவதற்கும் ஒரே வினைச்சொல். ஒருவருடைய ஒழுக்கத்தைக் குறிக்கும் 'நடத்தை' என்னும் சொல்லும் அதே 'நட' என்னும் வேரிலிருந்தே பிறந்தது. நிறுவனத்தை நடத்துவது, மனிதரை நடத்துவது, தன் நடத்தை ஆகிய மூன்றையும் தமிழ் ஒரே வேரில் கட்டி வைத்திருக்கிறது.

திருக்குறளின் பொருட்பாலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வுறவை நன்கறிவார்கள். ஆட்களை ஆராய்ந்து தேர்வதற்குத் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரம். தேர்ந்தவரை ஏற்ற பணியில் அமர்த்துவதற்குத் தெரிந்துவினையாடல் என்று அடுத்த அதிகாரம். சில அதிகாரங்கள் தாண்டினால் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் ஆகியவை வரிசையாக வருகின்றன. ஆளைத் தேரும் திறமையோடு வள்ளுவர் நின்றுவிடவில்லை. பிறர் அஞ்சும்படி நடவாமையையும் இரக்கத்தையும் ஆள்வோனுக்குரிய தகுதிகளாகவே அவர் வைத்திருக்கிறார்.

1941: கிள்ளான் தோட்டங்கள்

இனி, இந்நாட்டு வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். 1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். உலகப்போரின் காரணமாக ரப்பருக்குப் பெருந்தேவை இருந்த காலம் அது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அவர்களை ஒருங்கிணைத்தது. அதன் தலைவராக ஆர்.எச். நாதன் விளங்கினார். மே மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அவரைக் கைது செய்ததை எதிர்த்துக் கிளர்ச்சி பரவியது. படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர்.

அத்தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளின் பட்டியலை நாம் ஆற அமரப் படிக்க வேண்டும். சீனத் தொழிலாளர்க்கு இணையான ஊதியம் கேட்டனர். நெடுநேர வேலையைக் குறைக்கும்படி கேட்டனர். ஒழுங்கான மருத்துவ வசதியும், பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். பெண் தொழிலாளர்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக உரிமை வேண்டினர். சங்கம் அமைக்கவும், கூடிப் பேசவும் உரிமை வேண்டினர். குறைகளை எடுத்துரைத்தவர்களைப் பழிவாங்கக் கூடாது என்றனர். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ தோட்டத்து அதிகாரிகளோ எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை தங்களுக்கு வேண்டும் என்று கேட்டனர்.

ஊதியம் கேட்டால் நிருவாகம் கணக்குக் காட்டலாம். மருத்துவமனை கேட்டால் செலவைக் காட்டலாம். ஒரு மனிதன் தன் மிதிவண்டியில் அமர்ந்தபடியே செல்வதால் தோட்டத்துக்கு ஒரு காசும் இழப்பில்லை. ஆயினும் அதைக் கோரிக்கையாக எழுதிக் கேட்கவேண்டிய நிலை இருந்தது. விடியற்காலையில் எழுந்து பால்மரம் வெட்டி, தன் உழைப்பில் ஒரு மிதிவண்டி வாங்கியவனை, நாள்தோறும் அதிலிருந்து இறங்கச்செய்து, 'நீ யார் என்பதை மறவாதே' என்று அவ்வழக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. பணியாளரை நடத்துவதில் அறம் என்பது என்ன என்று என்னைக் கேட்டால், அந்தக் கோரிக்கையைத்தான் முதலில் காட்டுவேன். செலவே இல்லாத மரியாதையைக்கூட ஏன் மறுத்தோம் என்னும் கேள்விக்கு எந்த நிருவாகமும் வரவு செலவுக் கணக்கில் விடை காட்ட இயலாது.

இன்னொன்றையும் நாம் மறைக்காமல் பேசவேண்டும். அக்கோரிக்கை வெள்ளைத் துரைமாரை மட்டும் சுட்டவில்லை. ஆசிய அதிகாரிகளையும் சேர்த்தே சுட்டியது. கிராணிகளும் கங்காணிகளும் நம் மொழி பேசியவர்களாகவோ, நம்மைப்போன்ற தோற்றமுடையவர்களாகவோ இருந்தனர். கொடுமை என்றால் அது வெளியிலிருந்துதான் வரும் என்று எண்ணுவது நமக்கு ஆறுதலாக இருக்கலாம். நம்மவர் கையில் சிறிதளவு அதிகாரம் கிடைத்தபோது அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் அந்தப் பட்டியல் பதிவுசெய்து வைத்திருக்கிறது.

தலைக்காசு

கங்காணி முறையின் உள்ளமைப்பை நோக்கினால், தீமை தனிமனிதரின் கெட்ட குணத்திலிருந்து மட்டும் விளைவதில்லை என்பது விளங்கும். கங்காணிக்கு அவன் கூலியோடு தலைக்காசு என்று ஒன்று வழங்கப்பட்டது. அவன் பொறுப்பிலுள்ள ஆட்களுள் அன்றைக்கு எத்தனைபேர் வேலைக்கு வந்தார்களோ, அத்தனை தலைக்கும் கணக்கிட்டுக் காசு. காலைப் பெரட்டில் ஒருவர் காய்ச்சலால் வரவில்லையெனில், கங்காணியின் வருவாயில் ஒரு தலைக்குரிய காசு குறையும். அவன் இரக்கமுடையவனாக இருந்தால் தன் காசை இழந்துதான் இரக்கம் காட்டவேண்டும். நல்லவனாக இருப்பதற்கு நாள்தோறும் தண்டம் கட்டவேண்டிய ஏற்பாடு அது.

தலைக்காசு என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் அந்த ஏற்பாடு ஒழிந்துவிடவில்லை. மேலாளரின் ஊக்கத்தொகையைக் குழுவின் வருகைக் கணக்கோடும், மாத இலக்கோடும் மட்டும் பிணைத்துவிட்டு, பிறகு அவரை அறநெறிப் பயிலரங்குக்கு அனுப்பினால் பயன் சிறிதளவே இருக்கும். எதற்குக் கூலி கொடுக்கிறோமோ, அதுவே விளையும். ஆகவே, நல்ல தலைவர் முதலில் ஆராய வேண்டியது, தாம் வகுத்த விதிகள் தம் கீழுள்ள மேற்பார்வையாளரை எப்படிப்பட்ட மனிதராக மாற்றுகின்றன என்பதையே.

கங்காணி முறையோடு தொடர்புடைய மற்றொரு செய்தியும் உண்டு. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து வருவதற்கான செலவு தொழிலாளியின் தலையில் கடனாக விழக்கூடாது என்பதற்காக, 1907-ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என ஒன்று மலாயாவில் தோற்றுவிக்கப்பட்டது. முதலாளிகள் செலுத்திய தொகையிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டதால் அமைந்த ஏற்பாடே அது. கருணையால் மட்டும் விளைந்ததன்று. ஆயினும், கடனோடு வரும் தொழிலாளி விடுதலையான மனிதனல்லன் என்பது அன்றே உணரப்பட்டிருந்தது.

இன்று நம் நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர்கள் வருகிறார்கள். அவர்களுள் பலர் முகவர்களுக்குப் பெருந்தொகை கொடுத்து, கடனோடுதான் விமானம் ஏறுகிறார்கள். 2020 ஜூலையில், மலேசியாவின் பெரிய கையுறை நிறுவனம் ஒன்றின் பொருள்களுக்கு, கட்டாய உழைப்பு பற்றிய குற்றச்சாட்டின் பேரில் அமெரிக்கா தடை விதித்தது. தொழிலாளர்கள் செலுத்தியிருந்த ஆள்சேர்ப்புக் கட்டணத்தை அந்நிறுவனம் திருப்பிக் கொடுத்ததும் நிலைமை திருந்தியது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. நெடுங்காலமாக அவர்கள் தோளில் இருந்த சுமையை, ஏற்றுமதிக்கு இடையூறு வந்தபிறகே இறக்கி வைத்திருக்கிறோம். கப்பலேறிக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நாம், இன்று சிலவிடங்களில் மேற்பார்வையாளர்களாக இருக்கிறோம். பாட்டன் பட்டதைப் பாடமாகக் கொண்டோமா, பழக்கமாகக் கொண்டோமா என்பதை அந்தத் தொழிலாளர்களிடம் கேட்டால்தான் தெரியும்.

கேட்கும் செவி

தலைமைப் பண்புகளுள் மிகக் கடினமானது, விரும்பாத செய்தியைக் கேட்பது. இதற்கு உலகறிந்த சான்று, அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடத்தின் அழிவு. 1986 ஜனவரி 27 இரவு, விண்ணோடத்தின் உந்துகலனைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டமொன்றில் எச்சரிக்கை செய்தனர். கடுங்குளிரில் உந்துகலத்து இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும். ஆகவே ஏவுதலை ஒத்திவைக்க வேண்டும் என்றனர். விண்வெளி நிறுவனத்தின் அதிகாரிகள் அதை விரும்பவில்லை. பொறியாளர்களின் மேலாளர்கள் தனியே கலந்துபேசி, தம்மவரின் கருத்தை ஒதுக்கிவைத்து ஏவுவதற்கு இசைந்தனர். மறுநாள் விண்ணோடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதறியது. எழுவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை. விண்வெளியிலிருந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

அங்கே அறிவுக்குக் குறைவில்லை. எச்சரிக்கையும் உரிய நேரத்தில் உரியவரைச் சென்றடைந்தது. செய்தியைச் சொன்னவர்கள் கீழே இருந்தார்கள், முடிவு மேலே இருந்தது என்பதே குறை. பறப்பது பாதுகாப்பானது என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்க, பறப்பது ஆபத்து என்பதை மெய்ப்பிக்கும் சுமை பொறியாளர்மேல் ஏற்றப்பட்டது. நம் அலுவலகங்களிலும் இது நாள்தோறும் நிகழ்வதுதான். "சிக்கலோடு என்னிடம் வராதீர்கள், தீர்வோடு வாருங்கள்" என்று சில தலைவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. தீர்வு கிடைக்காத ஊழியர் அதன்பின் சிக்கலையும் சொல்லமாட்டார். தம் அறைக்கு நற்செய்தி மட்டுமே வருகிறது என்றால், அந்தத் தலைவர் மகிழ்வதற்கு மாறாக அஞ்சவேண்டும்.

சட்டம் என்னும் தரை

அறத்தை மனச்சாட்சியிடம் மட்டும் விட்டுவிட முடியாது என்பதற்காகவே சட்டங்கள் இருக்கின்றன. நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. வார வேலைநேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கு 7 நாள் விடுப்பு கிடைத்தது. பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பைப் பணியிடத்தில் பார்வையில் படும்படி வைப்பது கட்டாயமாயிற்று. வேலைநேரத்தையோ வேலையிடத்தையோ மாற்றித்தரும்படி ஊழியர் எழுதிக் கேட்டால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் விடையளிக்க வேண்டும். மறுத்தால் காரணம் கூறவேண்டும். பதில் சொல்வதே ஒரு கடமை என்று சட்டம் சொல்லவேண்டி வந்ததை எண்ணிப் பாருங்கள்.

அண்டை நாடான சிங்கப்பூரின் நாடாளுமன்றம், வேலையிடத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமொன்றை 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. வயது, இனம், சமயம், பாலினம், மகப்பேறு, உடற்குறை முதலியவற்றைக் காட்டி ஒருவரைப் புறக்கணிக்கக் கூடாது என்பதோடு, ஊழியரின் குறைகளை விசாரிக்க ஒழுங்கான முறை இருக்கவேண்டும், முறையிட்டவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் அது விதிக்கிறது. கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் 1941-இல் கேட்டவற்றுள் இதுவும் ஒன்று என்பதைச் சற்றுமுன் பார்த்தோம். எழுத்தறிவு குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள், நல்ல நிருவாகத்தின் இலக்கணத்தை அச்சட்டத்துக்கு 84 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள்.

ஆயினும் சட்டம் நாம் நிற்கும் தரைதான். அதற்குக்கீழே போகாதே என்று அது தடுக்கும். எவ்வளவு உயரலாம் என்பதை அது சொல்லாது. 98 நாள் விடுப்பைச் சட்டப்படி கொடுத்துவிட்டு, திரும்பி வந்த தாயைத் தகுதிக்குக் குறைந்த வேலையில் அமர்த்தும் மேலாளரைச் சட்டம் எளிதில் பிடித்துவிட முடியாது. அங்கேதான் நடத்தை தேவைப்படுகிறது.

இழப்பு வரும்போது

அறத்தோடு நடந்தால் ஆதாயம் பெருகும் என்று நிருவாக நூல்கள் பலவும் கூறுகின்றன. பலநேரங்களில் அது உண்மையே. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் நியூ லனார்க்கில் பஞ்சாலை நடத்திய ராபர்ட் ஓவனைத் தொழிலாளர்கள் முதலில் நம்பவில்லை. அமெரிக்கப் பஞ்சு வரவு தடைப்பட்டு நான்கு மாதம் ஆலை நின்றபோது, அவர் ஆட்களை நீக்காமல் முழுக்கூலி கொடுத்தார். அதன்பிறகு அவர்களின் நம்பிக்கை அவருக்குக் கிடைத்தது, ஆலையும் செழித்தது.

எப்போதும் அவ்வாறே முடியும் என்று மாணவர்களுக்குச் சொல்வது நேர்மையாகாது. 1995 டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் மில்ஸ் என்னும் துணியாலை எரிந்தது. அதன் உரிமையாளர் ஆரன் ஃபியூயர்ஸ்டைனுக்கு அப்போது எழுபது வயது. காப்பீட்டுத் தொகையோடு ஓய்வு பெற்றிருக்கலாம். கூலி மலிவான நாட்டுக்குத் தொழிலை மாற்றியிருக்கலாம். அவர் அதே ஊரில் ஆலையைத் திரும்பக் கட்டினார். வேலையிழந்து நின்றவர்களுக்குச் சில மாதங்கள் ஊதியமும் கொடுத்துவந்தார். நாடே அவரைப் பாராட்டியது. ஆனால் கடன்சுமை தாங்காமல் 2001-இல் அந்நிறுவனம் நொடிப்பு நிலைக்கு வந்தது. ஆலை அவர் கையைவிட்டுப் போயிற்று.

அவர் செய்தது தவறா? கடனைக் கணக்கிட்டதில் பிழை இருந்திருக்கலாம். அதைத் தொழில் கற்பவர்கள் ஆராயட்டும். எரிந்த ஆலையின் முன் நின்ற மக்களைக் கைவிடாதது பிழையென்று என்னால் சொல்ல இயலவில்லை. அறத்தை ஆதாயத்துக்கான உத்தியாக மட்டும் கற்பித்தால், ஆதாயம் நின்றுபோகும் நாளில் மாணவர் அறத்தையும் விட்டுவிடுவார். இழப்பு நேரும் என்று அறிந்தும் சரியானதைச் செய்யவேண்டிய நாள் ஒன்று ஒவ்வொரு தலைவருக்கும் வரும். அந்த நாளுக்கும் நாம் அவர்களை ஆயத்தப்படுத்த வேண்டும்.

பள்ளியில் தொடங்குவது

நிறைவாக, நம் பள்ளிகளுக்கு வருகிறேன். வகுப்புத் தலைவராக ஒரு பிள்ளையை அமர்த்துகிறோம். ஆசிரியர் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதிவைப்பதே பல வகுப்புகளில் அப்பிள்ளைக்குத் தரப்படும் முதல் வேலை. தலைமை என்றால் தன் தோழரைக் கண்காணித்து மேலிடத்துக்குக் காட்டிக்கொடுப்பது என்னும் பாடத்தை ஏழு வயதிலேயே கற்பித்துவிடுகிறோம். அதற்கு மாறாக, இன்று வராதவர் யார், அவருக்குப் பாடக்குறிப்பைக் கொண்டுசேர்ப்பவர் யார், கணக்குப் புரியாமல் கேட்கத் தயங்கி அமர்ந்திருப்பவர் யார் என்று அறிந்துசொல்லும் பொறுப்பை அப்பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். அதே பதவிதான், அப்பிள்ளை கற்கும் பாடம் வேறாகிவிடும்.

பள்ளியைத் துப்புரவு செய்யும் அக்காவையும், வாயிற்காவலரையும், சிற்றுண்டிச்சாலைப் பணியாளரையும் ஆசிரியர்கள் எவ்வாறு அழைக்கிறார்கள் என்பதை மாணவர்கள் நாள்தோறும் கவனிக்கிறார்கள். அவர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள், பள்ளியின் ஊழியரல்லர் என்பது நிருவாகக் கோப்பில் உள்ள வேறுபாடு. பிள்ளைகளின் கண்ணுக்கு அவ்வேறுபாடு தெரியாது. பெரியவர்கள் தமக்குக்கீழ் உள்ளவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரியும். தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆசிரியர் கூட்டத்தில் மாற்றுக் கருத்துச் சொன்ன ஆசிரியருக்கு அடுத்த மாதம் என்ன நேர்ந்தது என்பதை மற்ற ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பிறகு யார் வாய் திறப்பார், யார் திறக்கமாட்டார் என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் ஒருநாள் மேசைக்கு அந்தப்புறம் அமர்வீர்கள். அன்று ஒரு விதியை எழுதுமுன், இந்த விதியால் யார் தன் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டியிருக்கும் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்துக்குத் தக்க காரணம் எதுவும் இல்லையெனில் அந்த விதியை எழுதாதீர்கள்.